செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாத டப்பா

பாம்பன் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் பேரம் தொடங்கும். வெளிறிப் பழுப்படித்திருந்தால் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்கள். கண் குழிந்திருக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை எழும்பி வருகிறதா என்பதெல்லாம் அரை நிமிட வேலை. என் அக்கா இதில் கெட்டிக்காரி. ஐஸில் எத்தனை நாள் கிடந்த சீலா என்று தொடாமலே சொல்லிவிடுவாள். அவள் மகன் போன மாதம் மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு புரதப் பவுடர் டப்பா வாங்கி வந்தான். அதையும் திறந்து மோந்து பார்த்தாள். "வெண்ணிலா வாசனை வருது" என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பிடி கிடைக்கவில்லை.

மருமகன் போலீஸ் வேலைக்குத் தயாராகிறான். எழுத்துத் தேர்வு போக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். விடியற்காலையில் உச்சிப்புளிப் பக்கம் ரோட்டோரமாகப் பையன்கள் கூட்டமாக ஓடுவதைப் பார்க்கலாம். இவனும் அதில் ஒருவன். சாயங்காலம் கபடி, அப்புறம் ஜிம். டப்பா ஜிம் மாஸ்டர் சொல்லி வாங்கியது. அதை நாலு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். "மாமா, லேப் டெஸ்டட்னு போட்டிருக்கு. ஒரிஜினல்தானே?"

நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் சில வருடம் குப்பி கழுவியவன். அந்தப் பழக்கத்தில் திருப்பிக் கேட்டேன்: "எதுக்கு டெஸ்ட் பண்ணினாங்களாம்?" பதில் வரவில்லை. டப்பாவிலும் அது இல்லை. சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். 'சோதித்தோம்' என்பது பாதி வாக்கியம். எந்தப் பொருளைத் தேடி, எந்த முறையில், எந்த பேட்ச்சை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த எந்தத் தொகுதியை என்று மீதியைச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம். எந்தக் கருவியும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்காததைத் தானாக வந்து சொல்லாது.

சுறாவும் சோதனைக்குழாயும்

முதலில் புரதத்தை எடுத்துக்கொள்வோம். டப்பாவில் எழுதியிருக்கிற பெரிய எண் அதுதான், காசும் அதற்குத்தான். அதை அளக்க இன்றைக்கும் உலகம் முழுக்க நடக்கிற சோதனை 1883இல் வந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் என்ற பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்த யோஹான் கெல்டால் என்பவர், தானியத்தில் புரதம் எவ்வளவு என்று அறிவதற்காகக் கண்டுபிடித்த முறை. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் போட்டு, கொஞ்சம் தாமிர உப்பும் சேர்த்து, கிட்டத்தட்ட 400 டிகிரியில் கொதிக்க விடுவார்கள். பவுடர் முதலில் தார் மாதிரி கறுக்கும், வெள்ளைப் புகை கிளம்பும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் இளம்பச்சைத் தண்ணீராகத் தெளிந்துவிடும். அதற்குள் அதிலிருந்த நைட்ரஜன் அம்மோனியம் ஆகியிருக்கும். காரம் சேர்த்துக் காய்ச்சி வடித்தால் அம்மோனியாவாக வெளியேறும். அதைப் பிடித்து அளந்து 6.25ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு வந்துவிடும். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்த 6.25. பாலிலிருந்து எடுத்ததற்கு 6.38.

இதில் புரதத்தை யாரும் அளக்கவில்லை. நைட்ரஜனைத்தான் அளந்தார்கள். மீதி அனுமானம்.

அந்த அனுமானம் எங்கே வழுக்கும் என்று இந்தக் கரையில் சுறாப்புட்டு செய்கிறவர்களிடம் கேட்டால் போதும். சுறாவும் திருக்கையும் கடலின் உப்பைத் தாங்குவதற்காக உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கும். உயிர் போனதும் அந்த யூரியா உடைந்து அம்மோனியா ஆகும். கொஞ்சம் பழசான திருக்கையின் பக்கத்தில் போனால் மூக்கில் ஏறுகிற அந்தக் காட்டம் இதுதான். யூரியாவிலும் நைட்ரஜன் இருக்கிறது. அது புரதம் இல்லை. ஆனால் சுறாச் சதையைக் கெல்டால் முறையில் சோதித்தால் அந்த நைட்ரஜனும் சேர்ந்து 6.25ஆல் பெருக்கப்பட்டு, உள்ளதைவிடக் கூடுதல் புரதம் காட்டும். சுறா யாரையும் ஏமாற்றவில்லை. கேட்ட கேள்வி அப்படி.

ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இந்த ஓட்டை போதும். 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைனைச் சேர்த்தார்கள். மெலமைன் பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் பொருள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள்: 100 கிராம் மெலமைன் இந்தச் சோதனையில் 416 கிராம் புரதமாகத் தெரியும். சோதனையில் அந்தப் பால் தேறியது. அதில் செய்த பால் மாவைக் குடித்துச் சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். சிறுநீரகத்தில் கல் கட்டி 6 குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது.

ஜிம் பவுடரில் நடப்பது இதன் சாதுவான தம்பி. கிளைசின், டாரின் மாதிரி மலிவான அமினோ அமிலங்களைத் தூவிவிடுவார்கள். கிளைசின் விஷமில்லை, 100 கிராம் கிளைசின் 116 கிராம் புரதமாகக் கணக்கில் ஏறும், அவ்வளவுதான். பால் புரதத்தின் விலைக்கும் கிளைசின் விலைக்கும் உள்ள தூரம் யாரோ ஒருவருடைய லாபம். இதைப் பிடிக்க வேண்டுமென்றால் கேள்வியை மாற்ற வேண்டும். புரதத்தை அமிலத்தில் உடைத்து ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். உடைக்காமலும் ஒருமுறை அளந்து, சங்கிலியில் சேராமல் தனியாகத் திரிகிறது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பால் திரிந்த நீரிலிருந்து எடுக்கிற நல்ல 'வே' புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இருக்கும். ஸ்கூப்புக்கு 24 கிராம் புரதம் என்று போட்டுவிட்டு லூசின் ஒரு கிராம்தான் என்றால் மீதி எங்கே என்று கேட்கலாம். இந்தச் சோதனைக்குச் செலவு கூடுதல். அதனால் பெரும்பாலான ரிப்போர்ட்டில் இது இருக்காது.

இது வெறும் சந்தேகம் இல்லை. 2024இல் கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து ஆய்விதழில் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரதமும் உள்ளே இருந்த புரதமும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். சுமார் 14 சதவீதத்தில் அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சும், 8 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன.

பாசி எடுக்கிற பெண்களும் பாக்டீரியா எண்ணுகிறவர்களும்

அடுத்த கேள்வி, உள்ளே உயிரோடு என்ன இருக்கிறது என்பது. இதற்கு வட்டமான ஒரு சிறிய தட்டும் அதில் ஊற்றி உறைய வைத்த தெளிந்த கட்டியும் போதும். பவுடரைக் கிருமியற்ற நீரில் கரைத்து, பத்தில் ஒன்றாக, நூறில் ஒன்றாக நீர்த்துக்கொண்டே போய், தட்டில் பரப்பி வெதுவெதுப்பில் வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் உயிருள்ள ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாகப் பெருகி நிற்கும். புள்ளிகளை எண்ணிக் கணக்குப் போடுவார்கள். சால்மொனெல்லா, ஈ.கோலை மாதிரியானவற்றுக்குத் தனித்தனித் தட்டு. பூஞ்சைக்கு இன்னொரு தட்டு, அதற்குக் காத்திருப்பும் அதிகம்.

அந்தத் தெளிந்த கட்டி அகர். கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்க ரோஸ் நிறத்தில் துண்டு துண்டாக வெட்டி வைக்கிற கடல்பாசியேதான். பாக்டீரியாவை இதில் வளர்க்கலாம் என்ற யோசனை 1881இல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்ணுக்கு வந்தது. அவர் கணவர், கிருமியியல் முன்னோடியான ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அதுவரை பயன்படுத்திய ஜெலட்டின் வெதுவெதுப்பில் உருகி ஓடியது. ஃபேனிக்கு ஜாம் உறைய வைக்கச் சமையலறையில் அகர் பயன்பட்டது தெரியும். 85 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் உருகும், 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும். கிருமி வளர்க்க இதைவிடத் தோதான பொருள் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் அரிது.

அகர் எடுக்கிற பாசிகள் நம் கடலில் விளைகின்றன. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகருக்கு. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட் என்ற இன்னொரு கெட்டியாக்கும் பொருளை எடுக்க. பாம்பன் சின்னப்பாலம் தொடங்கிப் பல ஊர்ப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முங்கி முங்கிப் பாறையிலிருந்து இவற்றைப் பிய்த்து வருகிறார்கள். அதே ஊர்களைச் சேர்ந்த பையன்கள் ஜிம்மில் பவுடர் வாங்குகிறார்கள். அந்தப் பவுடர் பானம் கெட்டியாக, வழவழப்பாக இருப்பதற்குச் சேர்க்கிற கராஜீனன் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து வருவது. அதையும் இங்கே மண்டபம் கடலில் மிதவை கட்டி வளர்க்கிறார்கள். சரக்கும் நம் ஊருடையது, சோதிக்கிற தட்டும் நம் ஊருடையது. சோதனை ரிப்போர்ட் மட்டும் நமக்கு வருவதில்லை. சரி, புலம்பலை விடுவோம்.

கடற்கரைக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. ஆலையில் சோதிக்கும்போது பவுடர் காய்ந்து கிடக்கும். கிருமிக்கு அங்கே வேலையில்லை. நம் ஊர்க் காற்று உப்பும் ஈரமும். பெரிய டப்பாவை உடைத்து, ஸ்கூப்பால் அள்ளிப் பாலிதீன் கவரில் நூறு நூறு கிராமாகக் கட்டி விற்கிற கடைகள் உண்டு. முழு டப்பா வாங்க முடியாத பையன்களுக்கு அதுதான் வழி. கவரில் பேட்ச் எண் கிடையாது, தேதி கிடையாது. மூன்றாம் நாள் பவுடர் உருண்டை கட்டும். உருண்டை கட்டுவது என்றால் ஈரம் இழுத்துவிட்டது என்று பொருள். பூஞ்சைக்கு அதுதான் அழைப்பு. ஆலையில் எடுத்த ரிப்போர்ட் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் இந்தக் கவருக்கு அது பேசாது.

பூஞ்சை செத்துப்போனாலும் அது விட்டுப்போன நஞ்சு போகாது. அஃப்ளடாக்ஸின் முதலில் பிடிபட்டது 1960இல், இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோது. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம். புற ஊதா விளக்கின் கீழ் ஒரு வகை நீலமாகவும் இன்னொரு வகை பச்சையாகவும் ஒளிரும். பி, ஜி என்று பெயர் வந்தது அந்த ஆங்கில நிறங்களின் முதலெழுத்தில். இதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாயும் களத்தில் காயும்போது மழை பிடித்தால் இதே பூஞ்சைக்குப் பயந்துதான் ஆக வேண்டும். கடலை, சோயா, மூலிகை என்று செடியிலிருந்து வந்த எதைப் பவுடரில் சேர்த்தாலும் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும். தட்டில் புள்ளி எண்ணுகிற சோதனை இதற்குப் பதில் சொல்லாது.

உப்பு ஆர்செனிக்காகத் தெரிகிற விந்தை

உலோகங்கள்: ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக். 2008இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து, ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலானவற்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாகச் சொன்னது. 'இயற்கை' என்ற சொல்லைப் பார்த்ததும் மனசு இளகிவிடுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இதை அளக்கிற கருவி ஆர்கான் வாயுவைச் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான பிளாஸ்மாவாக்கி, அதில் மாதிரியைத் தெளிக்கும். எல்லாம் தனித்தனி அணுவாகச் சிதறும். எடையை வைத்து ஒவ்வொன்றாக எண்ணும். ஆர்செனிக்கின் எடை 75. இப்போது கடல்பாசிப் பொடியை உள்ளே விட்டால் என்ன ஆகும்? பாசியில் உப்பு நிறைய. உப்பில் குளோரின், எடை 35. பிளாஸ்மாவில் ஆர்கான், எடை 40. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. உப்பைப் பார்த்துவிட்டுக் கருவி 'ஆர்செனிக்' என்று சொல்லும்! ஹீலியம் வாயு நிரப்பிய ஓர் அறை வழியாக அனுப்பி அந்த இரட்டைகளை வடிகட்டுகிற வசதி இப்போதைய கருவிகளில் உண்டு. வசதி இருப்பது வேறு, அதைப் போட்டு ஓட்டினார்களா என்பது வேறு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை உப்பு மாதிரி ஒன்றில் அபார அளவு ஆர்செனிக் வந்து, அனுப்பியவர் கலங்கிப்போய், மறுபடி ஓட்டியபோது ஒன்றுமில்லை என்று வந்தது. யாருக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை, பில் மட்டும் போனது.

அதைத் தாண்டினாலும் பாசியில் ஆர்செனிக் நிஜமாகவே இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்த வடிவம். எலி மருந்தில் இருந்த ஆர்செனிக்கின் கொடுமை அதற்குக் கிடையாது. பயப்பட வேண்டியது கனிம வடிவத்துக்கு. ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியில் அந்தக் கனிம வடிவம் அதிகம் என்று 2004இல் பிரிட்டனின் உணவுத் துறை, அதைச் சாப்பிட வேண்டாம் என்றே சொன்னது. ஹிஜிகி நம் கட்டக்கோரையின் பங்காளி, ஒரே பேரினம். பிளாஸ்மாவில் எல்லாம் அணுவாகச் சிதறிவிடுவதால் எது எந்த வடிவத்தில் இருந்தது என்று மொத்த ஆர்செனிக் எண் சொல்லாது. முதலில் வடிவங்களைப் பிரித்து, அப்புறம் அளக்க வேண்டும். கடல்பாசி மாத்திரை, கடல்பாசிக் கஷாயம், பாசி சேர்த்த ஊட்டப்பொடி என்று இந்தப் பக்கம் புதிது புதிதாக வருகின்றன. தொழில் வளர்ந்தால் நல்லதுதான். 'மொத்த ஆர்செனிக்' என்ற ஒரு வரியை மட்டும் காட்டுகிற ரிப்போர்ட்டை வைத்து நல்ல பொருளைத் தள்ளவும் கூடாது, கெட்டதை ஏற்கவும் கூடாது.

மீனெண்ணெய் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. "மீன்லதான் பாதரசம் இருக்காமே, மாத்திரை போடலாமா?" என்று கேட்பார்கள். மீனில் உள்ள மீத்தைல் பாதரசம் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. எண்ணெயில் அவ்வளவாக இறங்காது. எண்ணெயில் தங்குவது டையாக்ஸின், பிசிபி மாதிரிக் கொழுப்பில் கரைகிற நஞ்சுகள். அதோடு எண்ணெய் சிக்கு அடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குப் பெராக்சைடு எண் என்று ஒன்று. மாத்திரையை ஊசியால் குத்தி மோந்து பாருங்கள். பழைய கருவாட்டுச் சட்டி வாடை தெரிந்த மூக்குக்கு இதைக் கண்டுபிடிக்க ரிப்போர்ட் வேண்டாம். வாசனை எண்ணெய் சேர்த்திருந்தால் மட்டும் மூக்கும் தோற்கும்.

தேடாத மருந்து

இதுவரை சொன்னது அசுத்தம். இனி வருவது, உடம்பில் வேலை செய்ய வேண்டும் என்றே யாரோ போட்ட மருந்து, அல்லது அந்த மருந்து ஓடிய எந்திரத்தில் மிச்சம் ஒட்டியது.

ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப் பொருட்களைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டது. எதிலும் ஹார்மோன் இருப்பதாக லேபிள் சொல்லவில்லை. 94இல் ஸ்டீராய்டு வகை ஹார்மோன்கள் இருந்தன, அதாவது ஏழில் ஒன்று. ஹார்மோன் சரக்கும் விற்கிற கம்பெனிகளின் பொருட்களில் 21 சதவீதம். அப்படி விற்காத கம்பெனிகளில்கூட 9.6 சதவீதம். அளவு ஒரு கிராமுக்கு 0.01 மைக்ரோகிராமிலிருந்து 190 மைக்ரோகிராம் வரை. கீழ்க்கோடியில் இருப்பது எந்திரத்தைச் சரியாகக் கழுவாத கதை. அதில் தசை வளராது. ஆனால் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் குடும்பத்து ஹார்மோன் சில மைக்ரோகிராம் வயிற்றுக்குள் போனாலே சிறுநீர்ச் சோதனையில் மாட்டிவிடும்.

மாட்டினால் 'எனக்குத் தெரியாது' என்பது செல்லாது. உடம்பில் இருப்பதற்கு விளையாடுகிறவரே பொறுப்பு என்பதுதான் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியின் அஸ்திவாரம். 2011இல் நம் நாட்டின் 400 மீட்டர் ஓட்ட வீராங்கனைகள் 6 பேர் ஸ்டீராய்டில் பிடிபட்டார்கள். பயிற்சியாளர் சீனாவில் வாங்கிக் கொடுத்த ஜின்செங் மாத்திரைதான் காரணம் என்றார்கள். இங்கே ஒரு வருடத் தடை கொடுத்தார்கள். 2012இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை 2 வருடமாக்கியது. 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்குக் கொஞ்சம் முன்னால் வரிசையாகப் பலர் மெத்தில்ஹெக்ஸேனமின் என்ற ஊக்கியில் மாட்டினார்கள். உடற்பயிற்சிக்கு முன் குடிக்கிற ப்ரீ-வொர்க்அவுட் பவுடர்களில் 'ஜெரேனியம் சாறு' என்ற பூப்போன்ற பெயரில் அது உலாவியது.

சோதனைக்கூடத்துக்குச் சங்கடமான இடம் இதுதான். பட்டியலில் உள்ள 200, 300 மருந்துகளைத் தேடு என்றால் திரவப் பிரிகையும் நிறை அளவியும் சேர்ந்த கருவி கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் பிடித்துவிடும். பட்டியலில் இல்லாத, கொஞ்சம் மாற்றிச் செய்த புது மூலக்கூறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கண்டுகொள்ளாது. 'தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை' என்று எழுதுகிற ரிப்போர்ட், 'நாங்கள் தேடியவற்றில் எதுவும் இல்லை' என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

மூலக்கூறே ஒன்றாக இருந்தால்? உடம்பு சுரக்கிற டெஸ்டோஸ்டிரோனும் ஆலையில் செய்ததும் எல்லா வகையிலும் ஒன்றே. வித்தியாசம் கார்பனில். கார்பன் அணுக்களில் சில மற்றவற்றைவிடச் சற்றுக் கனமானவை. ஆலைக்காரர்கள் சோயாவிலிருந்தோ ஒரு வகைக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்தோ தொடங்குகிறார்கள். அந்தச் செடிகள் கனமான கார்பனைக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிற இனம். கரும்பு, சோளம், கம்பு எல்லாம் கூடுதலாக எடுத்துக்கொள்கிற இனம். கலந்து சாப்பிடுகிற மனித உடம்பு நடுவில் நிற்கும். சிறுநீரில் வந்த ஹார்மோனின் கார்பனை எடை போட்டால் அது உடம்பில் சமைந்ததா, சோயாவில் சமைந்ததா என்று தெரிந்துவிடும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே கணக்குதான். பனையும் முதல் இனம், கரும்பு இரண்டாம் இனம் என்பதால் சாயல்குடிக் கருப்பட்டியில் சீனி கலந்தாலும் கொள்கைப்படி இதே தராசு காட்டிக்கொடுக்கும். ஒலிம்பிக் வீரருக்கு வைக்கிற தராசைக் கருப்பட்டிக்கு வைக்கப் போகிறவர் யார் என்பது வேறு விஷயம்.

இந்தப் பையன்கள் வட்டாரத்தில் கவலை தருவது டப்பாவைவிட ஊசி. மெஃபென்டெர்மின் என்ற மருந்து, அறுவை சிகிச்சையின்போது முதுகில் போடுகிற மயக்க ஊசியால் விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த மருத்துவர்கள் கொடுப்பது. அதை 'ஓட்டத்துக்கு', 'பம்ப்புக்கு' என்று போட்டுக்கொள்கிற பழக்கம் தமிழ்நாட்டு ஜிம்களில் பரவியிருக்கிறது. மருந்துக் கம்பெனி செய்த சரக்கு, சுத்தமானதுதான். சோதித்தால் லேபிளில் சொன்னபடியே இருக்கும். சுத்தமாக இருப்பதுதான் அதில் ஆபத்து. இதயம் தறிகெட்டு அடிக்கும், பழகினால் விடமுடியாது, மனநிலை பிறழ்ந்து சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். விளையாட்டில் தடை செய்யப்பட்ட ஊக்கிகளின் பட்டியலிலும் இருக்கிறது. கபடியில் எடைப் பிரிவுக்குள் வர மூத்திரம் போக்கும் மாத்திரை போடுவதும் அந்தப் பட்டியலில் சேர்ந்ததே. கிராமத்துப் போட்டியில் யாரும் சிறுநீர்க் குப்பியை நீட்டுவதில்லை. மாவட்டத்தைத் தாண்டிப் போகிறவனுக்குத்தான் அது முதல்முறை தெரியவரும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

மருமகனிடம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணச் சொன்னேன். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தது. அது இருந்தால் கம்பெனிக்கு உரிமம் உண்டு என்று அர்த்தம். இந்த டப்பாவை யாரோ திறந்து பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. சுரண்டிப் பார்க்கிற குறியீட்டு எண்ணும் இருந்தது. அது டப்பா போலி இல்லை என்று சொல்லும். உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விளையாட்டு வீரர்களுக்கென்றே தனியாகச் சோதித்து முத்திரை தருகிற அமைப்புகள் உண்டு. இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை என்றால் ஒவ்வொரு பேட்ச்சும் சந்தைக்கு வருமுன் தடைப் பொருளுக்குச் சோதிக்கப்பட்டிருக்கும். இவன் டப்பாவில் அது இல்லை. ஒரு கியூஆர் கோடு இருந்தது. அதைத் தட்டினால் ரிப்போர்ட் திறந்தது.

"மேல பேட்ச் நம்பர் என்ன போட்டிருக்கு, படி."

படித்தான்.

"இப்ப டப்பா அடியில இருக்கிறதைப் படி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வேற மாமா. அது முந்தின வருஷத்துது."

பெரும்பாலான ரிப்போர்ட் இங்கேயே விழுந்துவிடும். ஒத்துப்போனால் அடுத்து, சோதனைக்கூடங்களுக்குத் தகுதிச் சான்று தருகிற என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் அந்தக் கூடத்துக்கு உண்டா, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் சோதிக்க அங்கீகாரம் வாங்கிய கூடம் ஸ்டீராய்டு சோதித்துக் கொடுத்தால் அதற்கு அந்த முத்திரை துணை வராது. 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால் எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியாது என்று பக்கத்தில் எண் இருக்க வேண்டும். கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை கண் தெரியாத முறையில் ஈயம் தேடிவிட்டு 'இல்லை' என்று எழுதினால் அது இல்லாமை இல்லை, பார்வைக் குறைவு.

நாமே சோதிக்கக் கொடுக்க முடியாதா என்று கேட்டான். முடியும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாங்குகிறவருக்கே அந்த உரிமையைத் தருகிறது. வாங்கும்போதே 'இதைச் சோதிக்கக் கொடுக்கப் போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். பொருள் விதிக்கு உட்படவில்லை என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். புகார் கொடுத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைப்பார்கள், ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும், 14 நாளில் முடிவு வர வேண்டும். மதுரையில் அரசுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கடைக்காரர் முகத்துக்கு நேராக "சோதிக்கப் போறேன்" என்று சொல்லி டப்பா வாங்குகிற தைரியம் இருபது வயதுப் பையனுக்கு வருமா என்று கேட்டால், மீன் கூடைக்காரியிடம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்ல நமக்கு யாரும் தைரியம் சொல்லித் தரவில்லையே என்றுதான் தோன்றுகிறது.

அவன் கடைக்குப் போகவில்லை. கம்பெனிக்கு மெயில் போட்டான், தன் பேட்ச்சுக்கு ரிப்போர்ட் கேட்டு. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது, எனக்கும் அனுப்பினான். ஒரே பக்கம். பேட்ச் எண் சரியாக இருந்தது. புரதம் என்ற வரிக்குப் பக்கத்தில் 'நைட்ரஜன் × 6.25' என்று சின்ன எழுத்தில். அமினோ அமிலம் பற்றி ஒரு வரியும் இல்லை, உலோகத்தில் ஈயம் மட்டும், ஹார்மோன் பற்றிப் பேச்சே இல்லை.

கீழே அவனே எழுதியிருந்தான்: "மாமா, இது சுறாக் கணக்கு. லூசின் எவ்வளவுன்னு திரும்பக் கேட்டிருக்கேன்."